நீலப் பெயிண்ட் அடித்த ஃபேன்

மகுடேஸ்வரன் பத்தொன்பது வருடமாகப் பாய்லர் ஓட்டியவர். முதலிபாளையம் பக்கத்துச் சாயப்பட்டறைக்கு நீராவி கொடுப்பது அவர் பொறுப்பு. விறகு எரிகிற வாசத்தை வைத்தே அது ஈரமா, காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். கடைசி ஒரு வருடம் அந்த மூக்குக்குத்தான் சோதனையாகப் போனது.

முதலாளியின் மகன் சுரேந்தர் பொறுப்புக்கு வந்ததும், விறகோடு பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்டும் வந்து இறங்கியது. பருத்தித் துணிதான் என்றார்கள். மூட்டையைப் பிரித்தால் எலாஸ்டிக், பாலிதீன் கவர், பிய்ந்த செருப்பு.

"இதெல்லாம் எரிக்கிற சாமானுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"எரியுதுல்லீங்ண்ணா, அப்புறமென்ன?" போனைப் பார்த்தபடியே சுரேந்தர் போய்விட்டான்.

ஆடி மாதக் கடைசியில், புகையை இழுத்துப் புகைபோக்கிக்குத் தள்ளும் பெரிய ஃபேன் ஆட ஆரம்பித்தது. தரையே அதிர்ந்தது. புகை திரும்பி வந்து முகத்தில் அடித்தது. மகுடேஸ்வரன் நெருப்பை அணைத்துவிட்டு ஃபிட்டர் ஜமாலை வரச்சொன்னார். நன்றாக ஆறிய பிறகு இருவரும் ஃபேனின் மூடியைக் கழற்றினார்கள்.

செத்த எலியையும் ரப்பரையும் சேர்த்துக் கொளுத்தியது போல ஒரு நாற்றம். ஜமால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இறக்கைகளில் கறுப்புப் பிசின் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. உருகிய எலாஸ்டிக், முடி முடியாகத் தொங்கியது. இதைத்தானே இத்தனை நாளும் மூச்சாக இழுத்தோம் என்று நினைத்து மகுடேஸ்வரன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வந்த ஜமால் ஸ்பேனரால் ஓர் இறக்கையைத் தட்டினார். ஓரம் அப்பளம் போல உடைந்து விழுந்தது.

"வெல்டிங் வெச்சா நிக்காதுங்ண்ணா. சுத்தறப்போ ஒரு துண்டு பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா, எதுக்க நிக்கிற ஆளு காலி. புதுசுதான் போடோணும்."

சுரேந்தர் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டியது மகுடேஸ்வரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. மூன்றாம் நாள் டெம்போவில் ஃபேன் வந்தது. நீலப் பெயிண்ட் பளபளத்தது. அவர் சும்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் துரு. இறக்கையிலிருந்த ஓட்டையைப் பட்டி வைத்துப் பூசியிருந்தார்கள். பெயர்த் தகடு மட்டும்தான் புதுசு.

"ஏனுங்க தம்பி, எங்கியோ மூடின பட்டறையில கெடந்த பழசக் கொண்டாந்திருக்கீங்க?"

"துணி வாங்கற பையரோட ஆடிட் திங்கக்கிழம வருதுங்ண்ணா. அவிய பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

"அதுவரைக்கும் அதுக்குப் பக்கத்துல நிக்கறது நானுங்க."

சுரேந்தர் பாய்லர் ரிஜிஸ்டரை நீட்டினான். 'புதிய ஃபேன் பொருத்தி, ஓட்டிப் பார்க்கப்பட்டது' என்று எழுதி, கீழே மகுடேஸ்வரனின் கையெழுத்தையும் யாரோ போட்டிருந்தார்கள். அவருடைய சுழியைக்கூட அச்சாக இழுத்திருந்தார்கள். தன் தட்டில் யாரோ துப்பிவிட்டதைப் போல அவர் அதைப் பார்த்தார். நாலு பேர் சாகிற காரியத்துக்குத் தன் பெயரா?

அவர் கத்தவில்லை. சுவரில் மாட்டியிருந்த தன் பாய்லர் ஆப்பரேட்டர் சர்டிபிகேட்டைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"சர்டிபிகேட் இருக்கிற ஆளு இல்லாம பாய்லர் ஓட்டக்கூடாதுங்க. ஆடிட்டுக்காரங்ககிட்ட நீங்களே சொல்லிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

நீராவி இல்லாமல் சாயத் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. இரண்டே நாளில் கோயமுத்தூரிலிருந்து நிஜமான புது ஃபேன் வந்து இறங்கியது. ஜமால் வீடு தேடி வந்து கூப்பிட்டதால் மகுடேஸ்வரன் போனார். இருவருமாகப் பொருத்தினார்கள். ஒரு நடுக்கம் இல்லாமல் ஓடியது. ஆனாலும் அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. இரண்டு நாளில் முடிகிற வேலைதானே இது? தெரிந்தேதானே தன்னை அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள்?

திங்கட்கிழமை ஆடிட்டுக்காரர்கள் முன்னால் சுரேந்தர் அவருக்குச் சால்வை போர்த்தினான். "சேஃப்டிதாங்க எங்களுக்கு மொதல்ல" என்று அவர் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டான். அந்தக் கை பட்ட இடம் மகுடேஸ்வரனுக்குக் கூசியது.

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டார். இப்போது காங்கேயத்தில் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் ஓட்டுகிறார். பழைய பட்டறையைப் பற்றி யாராவது கேட்டால், "சோத்து நேரத்துல அதப் பேசாதீங்க" என்று மட்டும் சொல்வார்.