விழுந்தவருக்கே தங்கம்

விழுப்புரம் உழவர் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திண்டிவனத்திலிருந்து நண்பர் கலியமூர்த்தியின் மனைவி வசந்தா. "அண்ணா, அவரு போயிட்டாருண்ணா. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றார். நான் போய்ச் சேர்வதற்குள் பனிச்சறுக்கில் தங்கம் வென்ற அவரைக் கடைசியாகப் பார்க்க வந்த கூட்டத்தில் தெருவே அடைபட்டிருந்தது. என் சாவுக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்றுதான் முதலில் நினைத்தேன்.

வெகு காலமாகவே அவர்மேல் எனக்குப் பொறாமை. இறந்துவிட்டார் என்பதற்காக அது போய்விடவில்லை.

இருவரும் ஒன்றாக ராணுவத்தில் சேர்ந்தோம். அவர் ஓமந்தூர்ப் பக்கம், நான் விழுப்புரம். வெயிலைத் தவிர வேறொன்றும் அறியாத எங்களைக் காஷ்மீருக்கு அனுப்பி, காலில் நீளப் பலகைகளை மாட்டி மலைச்சரிவில் இறங்கச் சொன்னார்கள். நான் பார்த்துப் பார்த்து இறங்குவேன், விழுந்ததே இல்லை. அவர் கண்மண் தெரியாமல் இறங்குவார். வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. இனிமேல் சறுக்கவே கூடாது என்றார் டாக்டர். விடுப்பில் வந்தவர், திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கும் மில்லுக்குப் பின்னால் குவிந்து கிடந்த வேர்க்கடலைத் தோலில் தினமும் ஏறி இறங்கினார். கால் புதைவதும் வழுக்குவதும் பனி மாதிரியே இருக்கிறது என்பார். ஊர் சிரித்தது. அவர் பனிக்குத் திரும்பி வந்தார். பிறகு இடது கால் எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். மறுபடி தோல் குவியல், மறுபடியும் வந்தார்.

அந்த முறைதான் தேசியப் போட்டி. கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்க வேண்டும். முதலில் இறங்கியவர், மேலே காத்திருக்கும் தன் அணிக்காரருக்குப் பாதை எப்படி என்று வாக்கி டாக்கியில் சொல்வது எங்கள் வழக்கம். நான் இறங்கி முடித்தபோது என் நேரமே எல்லோரையும்விடக் குறைவு. மேலே மிச்சம் அவர் ஒருவர்தான். தங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மற்ற அணிகளுக்குப் புரியக்கூடாதென்று நம்மூர்ப் பேச்சில் சொன்னேன்.

"கலியா, நாலாவது கம்பத்தாண்ட வெறும் ஐசு. உள்ள பூராத, வெளிய வளைச்சிக்கினு வா."

அப்படியே வளைத்துக்கொண்டு வந்தார். இமைப்பொழுது வித்தியாசத்தில் தங்கம் அவருக்கு, வெள்ளி எனக்கு.

இரண்டு காலும் உடைந்து மீண்டு வந்தவர் என்று பத்திரிகைகள் எழுதின. விழாதவனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அவரோ ஏறிய மேடையிலெல்லாம், "அவன் சொல்லலன்னா நான் மறுபடியும் ஒடச்சிக்கினு கெடந்திருப்பேன். பாதி மெடலு அவனுதுங்க" என்பார். அந்தப் பெருந்தன்மைக்கும் கைதட்டல் அவருக்கே. வயிறு எரியாதா? வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும். என்னால் முடிந்திருக்காது என்பதும் தெரியும்.

பாடையைத் தூக்கும்போது முன்பக்கம் என்னைத் தூக்கச் சொன்னார் வசந்தா.

"கல்யாண வூட்டுல நீங்க சம்மணம் போட்டுக்கினு சாப்புடறத பாத்துக்கினே இருப்பாருண்ணா. அவரால கீழ உக்கார முடியாது. வூட்டுக்கு வந்து, 'மெடல குடுத்துட்டு அவன் கால வாங்கிக்கலாமா'ன்னு கேப்பாரு."

நான் முன்பக்கம் தோள் கொடுத்தேன்.

சுடுகாட்டுப் பாதை ஏரிக்கரையிலிருந்து செங்குத்தாக இறங்குகிறது. முந்தின நாள் மழையில் மண் வழுக்கியது. பின்னால் தூக்கி வந்தவர்கள் தடுமாறினார்கள். என் முழங்கால்கள் தள்ளாடவில்லை. கூட்டம் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தது. அவர் கேட்ட கால்கள் அவரைச் சுமந்துகொண்டு விழாமல் இறங்கின. போய் வாருங்கள், கலியமூர்த்தி.