வியர்க்கக் கூடாத கலம்

மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறைக்கு எண்பதுகளில் நான் தலைவராக இருந்தபோது, எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு குளிர்கலம் இருந்தது. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு எஃகுப் பாத்திரங்கள். உள்ளே திரவ நைட்ரஜன். இரண்டுக்கும் நடுவே காற்றை உறிஞ்சியெடுத்த வெற்றிடம். அந்த வெற்றிடம் நிற்கும்வரை உள்ளிருக்கும் குளிர் வெளிச்சுவருக்குத் தெரியாது. எங்கேனும் கசிந்தால் சுவர் வியர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் கூடத்தை ஆய்வு மையமாக அங்கீகரிக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகக் குழுவொன்று, சித்திரை வெயிலில் வந்து சேர்ந்தது. கலம் வியர்த்தால் அங்கீகாரமும் போகும். நான் அரும்பாடுபட்டுச் சேர்த்த பெயரும் போகும்.

நைட்ரஜன் உசிலம்பட்டிப் பக்கத்துக் கால்நடை மருத்துவமனையில் இரவல் வாங்கியது. காளை விந்தை உறையவைத்துக் காக்க அவர்கள் வைத்திருப்பது. இதைக் குழுவிடம் தெரிவிக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் அதைக் கொண்டுவந்த ஜீப் ஓட்டுநர், காலிக் குடுவைக்காக வாசலிலேயே நின்றிருந்தார்.

அன்று மின்னழுத்தம் மிகத் தாழ்ந்திருந்தது. வெற்றிடத்துக்காகக் காற்றை உறிஞ்சும் பம்பு திணறக் கூடாதென்று மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருந்தேன். கோட்டும் டையும் அணிந்திருந்த குழுத் தலைவர் கலத்தின்மேல் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"என்ன சார், வேர்க்குதே?"

மூடியின்மேல் இரண்டு நீர்த்துளிகள். கைக்குட்டையால் துடைத்தேன். மூன்றாவது துளி விழுந்தபோது அது புறப்பட்ட இடத்தைக் கண்டுகொண்டேன். தலைவரின் மூக்கு நுனி. அதை மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது?

"ஐயா கொஞ்சம் நிமிர்ந்து நின்னா, கலம் வேர்க்கிறது நின்னுரும்னு நினைக்கிறேன்."

வாசலில் ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். தலைவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"ஃபேனப் போடுங்க சார்."

"வோல்டேஜ் கம்மியா இருக்குங்கய்யா. பம்பு..."

"தாங்குதான்னு அதையும் பாத்துருவோமே."

விசிறிகள் சோம்பலாகச் சுழன்றன. பம்பு முனகியது. வெற்றிடமானியின் முள் சற்றே நடுங்கி, பழைய இடத்திலேயே நின்றது. சுவரைத் தடவிப் பார்த்தேன், உலர்ந்திருந்தது.

"நைட்ரஜன் எங்க வாங்குறீங்க?" என்றார் தலைவர்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது: "நம்ம மாட்டாஸ்பத்திரிதேன் சார்! எம்புட்டு வேணும், சொல்லுங்க!"

அங்கீகாரம் வந்தது. குழுவின் அறிக்கையில் மாடுகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆய்வுக்கூடத்துக்குக் கூடுதல் மின்விசிறிகள் தேவை என்ற பரிந்துரை மட்டும், அடிக்கோடிட்டு இருந்தது.