இடது கைப் பெருவிரல்

மூன்று பெண்களுக்குப் பிறகு, என் நாற்பத்து மூன்றாம் வயதில் பிறந்தவன் அவன். பதினேழு வயதில் என்னை முதன்முதலாக அறைந்தான். ஈஜோக்கில் எங்கள் வீட்டு அடுப்படியில், பட்டப்பகலில். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுகிறானே என்று மோட்டார் சைக்கிள் சாவியை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அறை வாங்கியதும் நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டாளோ என்ற பயம், வலியைவிடப் பெரிதாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம் செம்பனைத் தோட்டத்தில் உழைத்தவள் நான். வேலை வாங்கும் மண்டோர்கூட என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. கூட இருந்த பெண்கள் கைநாட்டு வைத்தபோது, நான் மட்டும் என் பெயரை எழுதிப் பழகிக்கொண்டேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நீட்டிய எந்தத் தாளிலும் என் விரலில் மை பட்டதில்லை. இவன் பிறந்ததைப் பதியும்போதும் கையெழுத்துத்தான் போட்டேன். அப்படிப்பட்டவளை, பெற்ற பிள்ளையே அடித்தான் என்று எந்த வாயால் சொல்வது?

இரண்டு மாதம் பவுடர் பூசி மறைத்தேன். அவன் கை நிற்கவில்லை. கடைசியில் எங்கள் வழக்கப்படி, புக்கிட் பெருந்துங்கில் இருக்கும் என் தம்பியைக் கூப்பிட்டேன். மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன். கண்டிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. ரப்பர் குழாயோடு வந்தான்.

"என் அக்கா மேலயாடா கைய வச்ச? உன்னையத் தூக்கி வளத்த கைடா இது!"

விளாசினான். மகன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் நிறைவாகக்கூட இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தம்பிக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தேன்.

"இனிமே வாலாட்ட மாட்டான்க்கா," என்று குடித்துவிட்டுப் போனான்.

பலசாலி அடித்தால் மற்றவர் அடங்க வேண்டும். அதைத்தான் அக்காளும் தம்பியும் சேர்ந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அது எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று.

"ஆளு வச்சா அடிக்கிற? இப்ப கூப்புடு லா உன் தம்பிய! கால் பண்ணு!" என்று மகன் என் வலது கையை முறுக்கினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில், பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றேன். தாதி நம் தமிழ்ப் பெண். கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க பாத்ரூமுக்கு அஞ்சு வெரல் இருக்காம்மா?"

"வாய அடக்கிப் பேசு. என் புள்ளையப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"நான் புள்ளைன்னு சொல்லவே இல்லையேம்மா."

நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டுப் போட்டாள். மூடி மூடி வைத்தது என் பிள்ளையையா, என் கௌரவத்தையா என்று அந்த நாற்காலியில்தான் என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் கசந்தது.

அங்கிருந்து நேராகப் போலீஸ் நிலையம் போனேன். மலாய்க்காரப் பெண் போலீஸ் நான் சொன்னதையெல்லாம் எழுதி, வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவை நீட்டினாள். அப்புறம்தான் என் வலது கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். இடது கையால் முயன்று பார்த்தேன், முதல் எழுத்தே கோணிக்கொண்டு ஓடியது. அவள் பேனாவை வாங்கி வைத்துவிட்டு, மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"பெருவிரல் போதும், மக்சிக்," என்றாள், அத்தையைக் கூப்பிடுவதுபோல.

வைத்தேன்.

இப்போது அவன் ரவாங்கில் மூத்தவள் வீட்டில் இருக்கிறான். வாரம் ஒருமுறை கவுன்சலிங் போகிறான். திருந்துவானா, தெரியாது. இனி இவனை அடிக்க என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் கோபித்துக்கொண்டு என்னோடு பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு மகனும் வருகிறான். என் முகத்தைப் பார்ப்பதில்லை. சோறு போடுகிறேன், சாப்பிடுகிறான். அடுப்படி ஜன்னலை மட்டும் நான் சாத்துவதில்லை.