தெய்வானைக்குப் பூசிய மஞ்சள்

கான் தெ மாஸ்க் என்ற கரும்புத் தோட்ட ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகள் மருத்துவச்சி தனலட்சுமியைக் கண்டால் ஒளிந்துகொள்வார்கள். கையில் சோப்போடு வருவாள். முகத்தைக் கழுவி, வெயிலில் நிறுத்தி, கண்ணிமையை இழுத்துப் பார்ப்பாள். வளைகாப்பு நடுவிலும் விடமாட்டாள். பிரெஞ்சு கலந்த ஊர்ப் பேச்சில் 'மாதாம் சவொன்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள், சோப்பு அம்மா. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே எரிச்சல் வரும். சிரித்தவர்களில் பாதிப்பேர் தெய்வானையின் வளைகாப்பில் சாப்பிட்டவர்கள், அடுத்த வாரம் அவள் சாவுக்கும் வந்தவர்கள்.

தெய்வானை கரும்பு வெட்டும் வீரசாமியின் மனைவி. 1950களில் ஓர் அறுவடை முடிந்த சமயம், ஒன்பதாம் மாதத்தில் அவளுக்கு வளையல் போட்டார்கள். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து கன்னத்திலும் கையிலும் மஞ்சள் பூசினார்கள். முதலில் பூசியவள் தனலட்சுமி. உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள் தெய்வானை. புது மஞ்சள், அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வாந்தி எடுத்தாள். விருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கண்வெள்ளையும் மஞ்சளாக இருந்ததைத் தனலட்சுமி பார்த்தாள். பூசும்போது பட்டிருக்கும் என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். மஞ்சள் போகவில்லை. அதற்குள் ஆரத்திக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

இன்றைக்கும் மஞ்சள் பூசிய எந்த முகத்தைப் பார்த்தாலும் அதற்கடியில் தெய்வானைதான் இருக்கிறாள் என்பாள் தனலட்சுமி. மீதியையும் அவளே எனக்குச் சொன்னாள்.

சில நாளில் தெய்வானைக்குப் பல் ஈறில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தனலட்சுமிதான் கூடப் போனாள். கல்லீரல் கெட்டுவிட்டது, பிள்ளையை உடனே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆனால் ரத்தம் உறைகிறதா என்று பார்க்காமல் கத்தி வைக்க முடியாது. உறையாத ரத்தம் வெட்டினால் நிற்காது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்தார். உடம்புச் சூடு வேண்டும், உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு அடிக்கடி சாய்த்துப் பார், உறைந்தால் ஓடாது என்று தனலட்சுமியிடம் கொடுத்துவிட்டு, ரத்தம் கொடுக்க ஆள் தேடப் போனார்.

சாய்த்தாள். ஓடியது. பொத்தினாள், தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள், மறுபடி சாய்த்தாள். கட்டிலில் கிடந்த தெய்வானை குழாயைப் பார்க்கவில்லை. தனலட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லி போன், அக்கா? நல்லா இருக்கா?"

இன்னொரு முறை சாய்த்தாள். தண்ணீராக ஓடியது.

"வி, போன். ஆமா, உறைஞ்சிடுச்சு தங்கச்சி. பயப்படாதே."

தெய்வானை பெருமூச்சு விட்டாள். பிறகு கேட்டாள்:

"அலோர், அப்ப ஏன் அழறீங்க, அக்கா?"