புளி போட்டுத் துலக்கிய நட்டு

ஒரு மனிதன் திருடன் இல்லை என்று நாவிதரின் சோப்பு நுரை சாட்சி சொல்லுமா? போன செவ்வாய்க்கிழமை என் பட்டறையில் சொன்னது.

சூலியா ஸ்ட்ரீட்டில் மசாலா மொத்த வியாபாரம் செய்கிற ராவுத்தர் தம் மோட்டார் காரில் வந்து இறங்கினார். கார் இருமிக்கொண்டே வந்தது. ஓட்டி வந்தவன் ஆறு வருஷமாக அவரிடம் டிரைவராக இருக்கும் முனியாண்டி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். பத்து நாளாகச் சோக் கம்பியைப் பாதி இழுத்துப் பிடித்தால்தான் எஞ்சின் ஓடுகிறது. விட்டால் அணைந்துவிடுகிறது. சுங்கை பாக்காப் ஊருக்குப் போய்த் திரும்ப முன்பு பிடித்த பெட்ரோல், இப்போது போவதற்கே போதவில்லை. பெரிய வொர்க்ஷாப் ஒன்றில் காட்டினாராம். அங்கே டை கட்டிய மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, கார் நன்றாகத்தான் இருக்கிறது, பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும், டிரைவரைக் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

ராவுத்தர் என்னிடம் நேராகவே சொன்னார். "பிட்டரே, கார்ல கோளாறு இருந்தா இப்பவே காட்டுங்க. இல்லேன்னா இவன் பெட்ரோலை வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துறான்னு அர்த்தம். இன்னிக்கே அனுப்பிடுவேன்."

முனியாண்டி என் பக்கம் திரும்பி, "நான் எடுக்கலண்ணே" என்றான். அவ்வளவுதான்.

திருட்டுப் பட்டத்தோடு வெளியே போன டிரைவருக்கு இந்தத் தீவில் வேறு யார் கார் கொடுப்பார்கள்?

நான் பள்ளிக்கூடத்து வாசலைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஸ்டீம் லாஞ்ச் படகில் கரி அள்ளியவன். கையெழுத்துப் போடக் கற்றதே இருபது வயசில். ஆனால் ஒரு எஞ்சின் மூச்சு விடுவதைக் கேட்டே அதன் வியாதியைச் சொல்வேன். தற்பெருமை என்பீர்கள். ஆமாம், பெருமைதான்! சும்மாவா வந்தது?

முதலில் பெட்ரோலில் நாலு சொட்டை உள்ளங்கையில் விட்டேன். ஊதுவதற்குள் உலர்ந்தது. மண்ணெண்ணெய் என்றால் பிசுக்கு நிற்கும். ராவுத்தரின் கையிலும் விட்டேன். "கலக்கலன்னா, வித்திருக்கான்லா" என்றார். வியாபாரி அல்லவா... சுலபத்தில் இறங்கமாட்டார்.

கார் ஆறட்டும் என்று காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். காதைக் கொடுத்தேன். எங்கோ 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் போகிற குழாயில் எங்கேயோ ஓட்டை. அது வழியாகக் கள்ளக் காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுக்கிறது. அதைச் சரிக்கட்டத்தான் சோக்கை இழுத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊட்ட வேண்டியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் ஒழுகினால் தரை நனையும், கண்டுபிடிக்கலாம். இது வெளியே ஒழுகாது... உள்ளே உறிஞ்சும். எப்படிக் காண்பது?

அடுத்த கடை நாவிதர் வேலுவிடம் ஓடினேன். நுரைக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கேட்டேன். அவர் கொடுத்துவிட்டார். பாதிச் சவரத்தில் இருந்த ஆள் என்ன செய்வார்? துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அவரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்.

எஞ்சின் சூடாவதற்குள் குழாயின் இணைப்புகளில் ஒவ்வொன்றாக நுரையைத் தடவினேன். முதல் இணைப்பு — நுரை அப்படியே நின்றது. இரண்டாவது — அப்படியே. கடைசியாக, பின்பக்கத்து மூலையில் தடவினேன். நுரை குபுக்கென்று உள்ளே போயிற்று. அந்தக் கணமே இருமல் நின்றது. நுரை தீர்ந்ததும் மறுபடி இருமல். இன்னொரு தடவை தடவினேன், மறுபடி அடங்கியது.

"பார்த்தீங்களா முதலாளி, பெட்ரோலக் குடிச்சது யாருன்னு?" என்றேன். ராவுத்தர் குனிந்து பார்த்தார். பிரஷ்ஷை வாங்கித் தாமே ஒரு தடவை தடவினார். பிறகு நிமிரவே நேரமாயிற்று.

எஞ்சினை நிறுத்தி அந்த மூலை நட்டைத் தொட்டேன். இரண்டு விரலில் சுழன்றது. பித்தளை நட்டு. ஆறு நட்டும் குத்துவிளக்கு மாதிரி பளபளத்தன. எந்த எஞ்சினில் நட்டு இப்படி மின்னும்? முனியாண்டியைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டான்.

பத்து நாளுக்கு முன் ஆயுத பூஜைக்காக நட்டுகளைக் கழற்றிப் புளி போட்டுத் துலக்கியிருக்கிறான். "ஸ்பானர் பட்டா கீறல் விழும்னு கையாலயே முடுக்கிட்டேண்ணே" என்றான். பின்மூலைக்குக் கை சரியாக எட்டவில்லை போலிருக்கிறது. இணைப்பின் நடுவில் காற்றுப் புகாமல் அடைக்கிற கேஸ்கெட் தாள் அங்கே பிய்ந்து போயிருந்தது.

புதுத் தாளைக் குழாய் வாயில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டியே அளவாக வெட்டினேன். வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றி முடுக்கினேன். சோக்கை முழுக்கத் தள்ளிவிட்டு ஸ்டார்ட் செய்தால்... தூங்குகிற பூனை மாதிரி ஒரு சத்தம். பாதிச் சவரக்காரர்கூடத் தலையாட்டினார்.

ராவுத்தர் எஞ்சினை அணைத்தார். பிறகு சாவியை முனியாண்டியிடம் நீட்டினார். "வாய் தவறிச் சொல்லிட்டேன்டா. மனசுல வெச்சுக்காதே" என்றார். அவன் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். காரில் ஏறியதும் ராவுத்தர், "அடுத்த பூஜைக்குச் சந்தனம் வை, பூ வை. புளி மட்டும் வேணாம்லா" என்றார்.

சந்தேகமும் இந்தக் கள்ளக் காற்று மாதிரிதான். எங்கே புகுந்தது என்று தெரியாது, ஆறு வருஷத்து ஓட்டத்தைப் பத்தே நாளில் இரும வைத்துவிடும்.

அந்த மூலை நட்டில் இப்போது என் ஸ்பானரின் கீறல் இருக்கிறது — நான் போட்ட கையெழுத்துகளிலேயே அதுதான் அழகு!