கண்ணீர்க் கர்ணனும் அழுகாத இருளம்மாளும்

சின்னமனூர்ல பத்திர ஆபீஸுக்கு எதுக்க ஒரு புங்கமரம். அதுக்கடியில சாக்கு விரிச்சு, தகரப்பெட்டிய முன்னால வச்சு உக்காந்திருப்பான் கர்ணன். மனு எழுதுறதுதான் பொழப்பு. இங்கிலீஸு மூணாம் பாரத்தோட, அதாவது எட்டாங் கிளாஸோட, நின்னுபோச்சு. ஆனா நின்ன எடத்துல அவன் சும்மா நிக்கல. பாதிரிமாரு பள்ளிக்கூடத்து வாத்தியாரு ஏசுதாசன் அட்டை பிஞ்ச டிக்சனரி ஒண்ண இவன் தலையில கட்டிட்டாரு. அதுல மனுசன் மனசு படுற பாட்டுக்குன்னு இருக்கிற வார்த்தையாப் பொறுக்கி ஒரு நோட்டுப் போட்டுட்டான்.

வருத்தத்துக்கு மட்டும் நாப்பத்தியொண்ணு. ஆடு செத்தா 'மெலங்கலி'. வாய்க்கா ஒடஞ்சா 'டிஸ்மே'. வீடு எரிஞ்சா 'ஆங்விஷ்'. 'சாட்'னு ஒரு வார்த்தை இருக்கு, அதத் தொடவே மாட்டான். இங்கிலீஸுல மூணே எழுத்து, அதுக்கு எந்தத் தொரை எரங்குவான்னு கேப்பான். அம்மாவாசி பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அவ ஆத்தா வீட்டுக்குப் போனப்ப, அம்மாவாசி 'ஃப்ளாபர்காஸ்டட்' ஆயிட்டான்னு கலெக்டருக்கே எழுதுனான். வாயடைச்சுப் போறதுக்குத்தான் அம்புட்டுப் பெரிய வார்த்தை. பொண்டாட்டி வரல. வார்த்தை மட்டும் ரெண்டு மாசம் ஊருக்குள்ள சுத்துச்சு. அப்ப வச்ச பேருதான் கண்ணீர்க் கர்ணன்.

நாப்பத்திமூணாம் வருசம், சண்டைக்காலம். வீட்டுல மிச்சமிருக்கிற நெல்ல சர்க்காருக்கு எடுத்தாக. எடுக்க வந்த ஆளுக இருளம்மா வீட்டுல இருந்த மூணு வெதக்கோட்டையையும் சேத்து வண்டியில ஏத்திட்டாக. வெதநெல்ல வக்கப்பிரி போட்டு உருண்டையாக் கட்டி, மேல சாணி மெழுகி வச்சா அதுதான் கோட்டை. இருளம்மாளுக்குப் புருசன் இல்ல. இருக்கிறது ஒரு ஏக்கரு வயலு. பெரியாத்துத் தண்ணி தெறக்க இன்னும் பன்னெண்டு நாளுதான். அதுக்குள்ள வெத கைக்கு வரலைன்னா வயலு தரிசு, வருசம் பூராம் பட்டினி.

கர்ணன் எல்லார்ட்டயும் கேக்குற மொதக் கேள்விய அவகிட்டயும் கேட்டான்.

"எம்புட்டு அழுத ஆத்தா?"

"அழுகல."

"கூச்சப்படாமச் சொல்லு. பகலெல்லாமா, ராவெல்லாமா?"

"அழுகலங்கிறேன்ல. வெத வர்ற வழியப் பாருப்பா."

அதக் காதுலயே போட்டுக்கிரல. 'இன்கன்சோலபிள்'னு எழுதுனான், அதாவது யாரு தேத்துனாலும் தேறாதவ. 'ப்ராஸ்ட்ரேட் வித் க்ரீஃப்'னு எழுதுனான், துக்கத்துல எந்திரிக்க மாட்டாமக் கெடக்கிறவ. பத்தாததுக்கு மனுவுல அவள மூணு தடவ மயக்கம் போட வச்சான்.

எட்டாம் நாளு, தொரைமாரு வந்து தங்குற முசாபரி பங்களாவுல இருந்து ஆளு வந்துச்சு. மனுக் குடுத்தவளும் எழுதுனவனும் தொரைக்கு முன்னால நிக்கணுமாம். தொரை புதுசு, தமிழு அரைகொறை. மொழி சொல்ற குமாஸ்தாவுக்குக் காச்சல். ஆக, அந்த வேலையும் கர்ணன் தலையிலதான்.

இருளம்மா நாலு மைலு நடந்து வந்தா. கொண்டைய இறுக்கி முடிஞ்சு, வாயில வெத்தலையோட நேரா நின்னா. தொரை மனுவப் பாத்தாக, அவளப் பாத்தாக. மேசை மேல கர்ணன் கையெழுத்துல இன்னும் ஒரு கட்டு மனு கெடந்துச்சு.

"இந்தத் தாலுகாவுல எல்லாரும் மயங்கி விழுறாக. ஒராளையாச்சும் கண்ணால பாப்போம்னுதான் கூப்பிட்டேன்," அப்படின்னு இங்கிலீஸுல சொன்னாக தொரை. "இவ வெத்தலை மெல்லுறா. மயக்கம் பொய்யின்னா வெதநெல்லுங்கிறதும் பொய்யி." மனுவத் தள்ளிவிடப் பேனாவத் தெறந்துட்டாக.

கர்ணன் மெதுவா அவ பக்கம் சாஞ்சான்.

"ஆத்தா, கொஞ்சம் அழு."

"எதுக்கு?"

"நெல்லுக்குத்தேன்."

"வெதைய நெனச்சு அழுதா மொளைக்காதுப்பா. மொள வெளிய வர்ற வரைக்கும் எங்க வீட்டுல கண்ணு நனையக் கூடாது. எங்க வீட்டுக்காரரு போன அன்னைக்கே, உள்ள கோட்டை இருக்குன்னு தெருவுல எறங்கி நின்னுதான் அழுதேன். இங்கன வந்து அழுவேனா?"

"என்ன சொல்றா?"ன்னாக தொரை.

நாப்பத்தியொரு வார்த்தையும் தொண்டைக்குள்ள வரிசை கட்டி நின்னுச்சு. அம்புட்டும் அழுகிற ஆளுக்கான வார்த்தை, ஒண்ணும் ஆகல. வேர்த்து ஊத்த ஊத்த, மூணாம் பாரத்து இங்கிலீஸ எடுத்தான் கர்ணன்.

"சீடு, சார். க்ரை, நோ க்ரோ. சோ, நோ க்ரை."

தொரை பேனாவ மூடி வச்சாக. அப்புறம், அது வெதைதான்னு எப்படி நம்புறதுன்னு கேட்டாக. கர்ணன் அதத் தமிழுல சொன்னான்.

"கோட்டைய அறுக்க வேணாம்னு சொல்லு. ஒரு ஓரமாப் பிரிச்சாப் போதும்," அப்படின்னா இருளம்மா. "பூச்சி விழாம இருக்க அடுக்கடுக்கா நொச்சி எலை போட்டிருக்கேன். ஒலையில போடுற நெல்லுக்கு எவ மெனக்கெட்டு எலை போடுவா?"

எடுத்துட்டுப் போனதுல ஒரு கோட்டையக் கொண்டாந்து ஓரமாப் பிரிச்சாக. நொச்சி எலை காஞ்சு கெடந்துச்சு. தொரை ஒண்ண எடுத்து மோந்து பாத்தாக. மனுவுல மயக்கம், துக்கம், தேறாதது எல்லாத்தையும் கோடு போட்டு அடிச்சாக. எட்டு வரி மனுவுல, என் வெதநெல்ல எடுத்துட்டாகங்கிற ஒத்த வரிதான் தப்பிச்சுச்சு. அதுக்குக் கீழ கையெழுத்தப் போட்டாக. மூணு கோட்டையும் அன்னைக்கே இருளம்மா வீட்டுக்கு வண்டி ஏறிருச்சு.

மறு வாரம் மொக்கைச்சாமி வந்தான். மாடு காணாமப் போயி, அழுது அழுது மூஞ்சி வீங்கிக் கெடக்கான்.

"இருளம்மாளுக்கு எழுதுனாப்புல எனக்கும் அழுகலன்னு எழுதுய்யா. அதுக்குத்தான் தொரை மசியிறாகளாம்."

கர்ணன் மறுப்பானா? 'ஸ்டோயிக்', 'இம்பேசிவ்', 'அன்பெர்டர்ப்ட்'னு நோட்டுல புதுப்பக்கம் போட்டான். கல்லுக்கணக்கா இருக்கிறவனுக்கு மூணு வார்த்தை. மொக்கைச்சாமி சொட்டுன சொட்டுல மொத வார்த்தை அழிஞ்சுபோச்சு.

தண்ணி வந்து பத்து நாளு கழிச்சு வாய்க்காக் கரையோட போனான் கர்ணன். இருளம்மா நாத்தங்காலு பச்சையா ஊசி விட்டிருந்துச்சு. வரப்புல உக்காந்து குலுங்கிக் குலுங்கி அழுதுக்கிட்டிருந்தா அவ.

"நல்லா இருக்கே ஆத்தா நாயம்," அப்படின்னான். "அன்னைக்கு ஒரு சொட்டு விட்டிருந்தா எனக்கு அம்புட்டு வேர்த்திருக்குமா?"

அவ மூக்கச் சிந்தி வரப்புப் புல்லுல தொடச்சுக்கிட்டா.

"அதான் மொளச்சிருச்சுல்ல. நீ போப்பா. நான் இன்னும் முடிக்கல."