பொடி போடாத தளம்

நல்லகாமனுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். அவன் ஊரான பரவையில் அவனைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள், வேலையைப் பற்றி அப்புறம்தான். வேலையில் சூரன், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தெருவில் ஒரு வீட்டை முடித்துவிட்டு வந்தானென்றால், பக்கத்து வீட்டுக்காரர் அவனைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசிப்பார்.

இப்போது வீடு கட்டுகிறவர்கள் கேட்டிலிருந்து போர்டிகோ வரைக்கும் கார் ஏறிவர ஒரு தளம் போடுகிறார்கள் அல்லவா? கான்கிரீட் முழுசாக இறுகுவதற்குள் மேலே படிந்த சிமெண்டுப் பாலைக் கழுவி எடுத்துவிட்டால், உள்ளே கிடக்கிற கூழாங்கற்கள் தலையை நீட்டும். பார்க்க ஆற்று மணலில் கல் பரப்பிய மாதிரி இருக்கும். அதன் மேல் சீலர் என்கிற காப்புப் பூச்சைப் பூசவேண்டும். பூசாவிட்டால் எண்ணெய் இறங்கும், பாசி பிடிக்கும், ஒரு மழைக்காலத்தில் கல் பெயர ஆரம்பித்துவிடும். பூசினாலும் ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒருதரம் பழைய பூச்சை உரித்துப் புதுசு பூசிக்கொண்டே இருக்கவேண்டும். நல்லகாமனின் பிழைப்பு இதுதான். பெங்களூருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தான்.

முரட்டு வேலை. அழுத்தமாகப் பீய்ச்சிக் கழுவுகிற மிஷினின் துப்பாக்கிக் குழாயிலிருந்து வருவது தண்ணீரா, கத்தியா என்று சந்தேகம் வரும். ஒருமுறை அது அவனுடைய கால் கட்டைவிரல் நகத்தை வேரோடு பிடுங்கி எறிந்தது. ரத்தம் கல்லில் இறங்கினால் கறை போகாது என்று முதலில் தளத்தைக் கழுவிவிட்டு, அதற்குப் பிறகுதான் காலுக்குத் துணி கட்டினான். அவ்வளவு கிறுக்கு அந்தத் தளத்தின் மேல்.

அந்தக் கிறுக்குதான் வம்பை இழுத்துக்கொண்டு வரும். பூச்சு காய்வதற்குள் அதில் யாராவது கால் வைத்தால் அவன் கண்ணுக்கு ஆள் தெரியாது. ஒரு கொத்தனாரை மண்வெட்டிப் பிடியால் அடித்து முழங்கையைப் பெயர்த்திருக்கிறான். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பேராசிரியர் வீட்டில், ஈரப் பூச்சின் மேல் காரைத் திருப்பிய டிரைவரை ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்துப்போட்டுக் குத்தினான். முன்பல் ரெண்டும் போயின. அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தவனைக் கூட்டிவர அவன் மனைவி நாகஜோதி போனாள்.

நாகஜோதிக்கு அவனிடம் எதையும் கேட்கத் தேவையில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் கையைப் பிடித்துத் திருப்பி விரல் முட்டிகளைப் பார்ப்பாள். தோல் உரிந்திருந்தால் எவனோ அடிபட்டிருக்கிறான் என்று அர்த்தம். மஞ்சள் பற்றுப் போட்டுப் போட்டு அவளுக்கு அலுத்துவிட்டது. அன்றைக்கு ஸ்டேஷன் வாசலிலும் பார்த்தாள். வலது கை முட்டி நான்கும் சதை தெரியக் கிழிந்திருந்தன.

“இதான் கடைசி. இனி ஒருத்தன் மேல ஒன் கை பட்டுச்சுன்னா, ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன். நீ அந்தக் கல்லக் கட்டிக்கிட்டு அழு” என்றாள்.

அவள் சொன்னால் செய்கிறவள். அது அவனுக்குத் தெரியும். இரவு பிள்ளைகள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு, அந்த வீட்டில் அவர்கள் இல்லாமல் இருப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் அவன் கை யார் மேலும் படவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். முட்டிகளில் புதுத் தோல் வந்தது.

அந்த நேரத்தில்தான் தவசி வீட்டு வேலை வந்தது.

தவசிக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் தோப்பும் வயலும் உண்டு. புதுசாகக் கட்டிய பெரிய வீடு. வீட்டைவிட அவருக்குப் பெருமை செவலைதான். செவலை என்பது அவருடைய ஜல்லிக்கட்டுக் காளை. வாடிவாசலில் இறங்கினால் திமிலைத் தொட ஆளில்லை என்று பேரெடுத்தது. வீடு கட்டியபோது அந்தக் கூழாங்கல் தளத்துக்கு முதல் பூச்சு பூசியவன் நல்லகாமன்தான். வீட்டில் காளை இருக்கிறது என்று பார்த்து, வழுக்காமல் இருக்கப் பூச்சில் கலக்கும் பொடியை அப்போது அவனே கேட்காமல் கலந்தான். பொடி கலந்தால் சொரசொரவென்று பிடிப்பு இருக்கும். ஆனால் பளபளப்பு செத்துப்போகும்.

இரண்டு பொங்கல் அதில் செவலை நடந்து போய் வந்தது. மூன்றாவது பொங்கலுக்கு முன்னால் புதுப்பூச்சு பூச அவனைக் கூப்பிட்ட தவசி, தளத்தைச் செருப்புக் காலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“என்ன தம்பி, பஸ் ஸ்டாண்டு மாதிரி கெடக்கு? எங்க சம்பந்தி வீட்டுல ஒருத்தன் போட்டுருக்கான், குனிஞ்சா மூஞ்சி தெரியுது. ஒனக்கு அது வராதுன்னா சொல்லிரு. அவனையே கூப்புட்டுக்கிறேன்.”

சுற்றி நின்ற உறவுக்காரர்கள் சிரித்தார்கள். நல்லகாமனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முன்னைய நல்லகாமனாக இருந்தால் அந்த இடத்திலேயே ஒரு தாடை பிய்ந்திருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“கண்ணாடியாவே போட்டுத் தாரேண்ணே” என்றான்.

நீட்ட முடியாத கையின் கோபம் எல்லாம் வேலைக்குள் இறங்கியது. பழைய பூச்சை மருந்து ஊற்றி உரித்தான். அந்த நெடிக்கு வீட்டு நாய் தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டது. மிஷினைப் பிடித்துத் தளத்தை அடி அடியென்று அடித்தான், தவசியின் முகத்தில் அடிப்பதாக நினைத்துக்கொண்டு. பனி இறங்கும் மாதம் என்பதால் வெயில் நன்றாக ஏறும்வரை காத்திருந்து, ரோலரைப் போட்டுத் தடிமனாக ரெண்டு பூச்சு பூசினான். பொடி டப்பா வண்டிப் பெட்டிக்குள் இருந்தது. அதைத் தொடவே இல்லை. மறந்துவிட்டான் என்று சொன்னால் அது பொய். வேண்டுமென்றேதான் விட்டான்.

காளையைக் கன்றிலிருந்து வளர்த்த சடையாண்டி மாட்டுக் கொட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, மழமழன்னு இருக்கே. செவலைக்கு ஆகுமா?” என்று கேட்டார்.

“ஒங்க வேலயப் பாருங்கண்ணே” என்று எரிந்து விழுந்தான் நல்லகாமன்.

ஜல்லிக்கட்டு அன்று விடிந்ததும் தவசி ஆள் அனுப்பி அவனையும் வரச்சொன்னார். வந்த உறவுகளிடம் எல்லாம் தளத்தைக் காட்டி, “இந்தா, இவன் போட்டதுதான்” என்று தோளில் கை போட்டார். வெயில் பட்டு ஒவ்வொரு கல்லும் எண்ணெயில் போட்டெடுத்த மாதிரி மின்னியது. நல்லகாமனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். வாடிக்குக் கிளம்பும் காளையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுபோகமாட்டார்கள். போர்டிகோவில் நிறுத்தித் திருநீறு பூசி, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை நான்கு காலிலும் ஊற்றி, தலைவாசல் கேட் வழியாகத்தான் இறக்குவார்கள். தவசியின் மனைவி ராக்கம்மாள் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் சரிவில் இறங்கிக் கேட்வரை ஓடியது. அதைப் பார்த்த கணத்தில்தான் நல்லகாமனுக்குத் தொடாமல் விட்ட பொடி டப்பா நினைவுக்கு வந்தது. வாயைத் திறப்பதற்குள் கொட்டுச் சத்தம் கிளம்பிவிட்டது.

செவலை மிரண்டு முன்னால் பாய்ந்தது. பின்னங்கால் ரெண்டும் ஒரே இழுப்பாக வழுக்கின. அத்தனை பெரிய உடம்பு பக்கவாட்டில் விழுந்து, சரிவில் தேய்ந்துகொண்டே போய்க் கேட் தூணில் மோதியது. காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. எழப் பார்த்தது. மறுபடி வழுக்கியது. மறுபடி எழுந்தது. முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது, வெள்ளையாக எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. கொம்பால் தூணைக் குத்திக் குத்திக் காரையைப் பெயர்த்தது. அது போட்ட சத்தத்தில் கொட்டு அடித்தவர்கள் கொட்டைக் கீழே போட்டுவிட்டார்கள்.

மூக்கணாங்கயிறு சடையாண்டியின் கையில் இருந்தது. தவசி அதைத்தான் பார்த்தார்.

“குடிச்சிட்டு வந்து கயித்தப் பிடிச்சியாடா?”

“இல்லண்ணே, சத்தியமா இல்ல. வழுக்கிருச்சுண்ணே.”

“ரெண்டு பொங்கலா இதே தளத்துலதானடா நடந்துச்சு! இன்னைக்கு மட்டும் வழுக்குமா?”

தவசி கொட்டத்து உருட்டுக்கட்டையைப் பிடுங்கி வீசினார். முதல் அடி தோளில். சடையாண்டி விழுந்ததும் தவசியின் அண்ணன் தம்பி பிள்ளைகள் நான்கைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். காளை விழுந்த ஆத்திரம் மிதியாக இறங்கியது. சடையாண்டியின் காதிலிருந்து ரத்தம் வடிந்து, மஞ்சள் தண்ணீரோடு கலந்து கற்களுக்கு நடுவில் ஓடியது. பூச்சு நல்ல பூச்சு. ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை.

நல்லகாமன் நின்றுகொண்டிருந்தான். கை தானாக மடங்கியது. உள்ளே புகுந்தால் அத்தனை பேரையும் அவனால் கலைக்க முடியும். ஆனால் வீட்டுக்குப் போனால் நாகஜோதி முட்டியைப் பார்ப்பாள். அதனால்தான் நின்றான் என்று அப்புறம் தனக்கே சொல்லிக்கொண்டான். அதில் பாதிதான் உண்மை. தப்பு தன்னுடையது என்று சொன்னால் அந்தக் கட்டை தன் பக்கம் திரும்பும் என்ற பயம் மீதிப் பாதி. ஆயிரம் பேரை அடித்தவனுக்கு அடி வாங்கப் பயம்.

கட்டை இன்னொரு முறை இறங்கியது. சடையாண்டி முகத்தைப் பொத்திக்கொண்டு அலறினார். விரல் இடுக்கில் இடது கண் இருந்த இடம் கூழாகத் தெரிந்தது.

“விடுங்கண்ணே! அவரு மேல தப்பில்ல!” நல்லகாமன் கத்தினான். “தளம் நான் போட்டது. வழுக்காம இருக்கப் பொடி கலக்கணும். நான் கலக்கல. தெரிஞ்சேதான் கலக்கல!”

அப்புறம் கூட்டம் அவன்மேல் திரும்பியது.

கேட்டின் இரும்புக் கம்பி ரெண்டை ரெண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டான். பிடித்தால்தான் கை மற்றவன் மேல் போகாது. முதுகில் விழுந்தது, விலாவில் விழுந்தது. விலா எலும்பு முறிவது உள்ளே தெரிந்தது. தாடையில் ஒருவன் குத்தியபோது வாய் நிறைய ரத்தம் வந்தது. கம்பியை விடவில்லை. ராக்கம்மாள்தான் அந்த ஈரத்தில் தடுமாறி ஓடிவந்து புருஷனின் சட்டையைப் பிடித்தாள்.

“அவனைக் கொன்னா மாடு எந்திரிச்சிருமாய்யா? கண்ணாடியா வேணும்னு கேட்டது ஆரு? நீதானய்யா கேட்ட!”

தவசியின் கையிலிருந்து கட்டை விழுந்தது. காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளையாகத் தேம்பித் தேம்பி அழுதார். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. செவலை அந்தப் பளபளப்பின் மேலேயே கிடந்து அடங்கியது.

நாகஜோதி பெரியாஸ்பத்திரிக்கு வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அடிதடி, உன் புருஷனும் அதில் கிடக்கிறான் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் துணியைப் பையில் கட்டி வீட்டு வாசலில் வைத்துவிட்டுத்தான் வந்தாள். அவன் வீங்கிய முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து கையை எடுத்துத் திருப்பினாள்.

உள்ளங்கையில் கம்பி அழுத்திய கோடு கன்றிப்போய் நீலமாக இருந்தது. விரல் முட்டிகள் முழுசாக இருந்தன. ஒரு கீறல் இல்லை. மறு கையையும் எடுத்துப் பார்த்தாள். நகக் கண்களில் காய்ந்த சீலர் மட்டும் ஒட்டியிருந்தது. அந்தக் கையைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு, வார்டு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.

“ஒருத்தனையும் அடிக்கலயா? இம்புட்டு வாங்கியும் அடிக்கலயா?”

தாடையில் கட்டுப் போட்டிருந்ததால் அவனால் பேச முடியவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினான். அந்த வலியிலும் அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் சடையாண்டி கிடந்தார். தலையைச் சுற்றிக் கட்டு, இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். மிஞ்சிய கண்ணால் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கை நீட்டாம இருந்தது சரிதான், தம்பி” என்றார் மெதுவாக. “வாயத் தொறக்க ஏன் அம்புட்டு நேரம் ஆச்சு?”

நாகஜோதி அழுகையை நிறுத்திவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். நல்லகாமன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தான். முறிந்த விலா அவனைத் திரும்ப விடவில்லை.